மாத்திரை என்பது அளவு

இளங்கலை வேதியியல், மூன்றாம் ஆண்டு

முதலாம் ஆண்டில், பகுதி ஒன்று தமிழ் வகுப்பில், எங்கள் தமிழாசிரியர் கரும்பலகையில் 'மாத்திரை' என்று பெரிதாக எழுதினார். கண் இமைக்கும் நேரம், கை நொடிக்கும் நேரம் என்று விளக்கினார். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. பின்வரிசையிலிருந்து ஒரு நண்பன் எழுந்து, "ஐயா, தலைவலிக்கு எத்தனை மாத்திரை?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. ஆசிரியர் கோபிக்கவில்லை. "நல்ல கேள்விதான் கேட்டாய். இரண்டும் ஒரே சொல். மாத்திரை என்றால் அளவு. ஒலியை அளந்தாலும் சரி, மருந்தை அளந்தாலும் சரி, அளவு தப்பினால் பொருள் கெட்டுவிடும்" என்றார்.

அன்று நானும் சேர்ந்துதான் சிரித்தேன். சென்ற கோடை விடுமுறைக்குப் பிறகு அந்தச் சொல்லை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

என் தாயார் தைராய்டு குறைவுக்காக நாள்தோறும் காலையில், காப்பிக்கு முன்னால், வெறும் வயிற்றில் ஒரு சிறு மாத்திரை விழுங்குகிறார். அதிலுள்ள மருந்து 50 மைக்ரோகிராம். மாத்திரையின் மொத்த எடை 100 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால், மருந்து அதில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான். மற்றவையெல்லாம் மாவும் சர்க்கரையும் போன்ற துணைப்பொருள்கள். அந்த ஒரு பங்கு ஒவ்வொரு மாத்திரையிலும் தவறாமல் இருக்கிறது என்பதை யார் உறுதி செய்கிறார்? மருந்தைக் கண்டுபிடித்த அறிவியலாளரா? எழுதிக் கொடுத்த மருத்துவரா? இருவரும் அல்லர். ஏதோ ஓர் ஆலையில், பொடியைக் குருணையாக்கும் அறையில், சல்லடைக்கும் உலர்த்திக்கும் நடுவே நிற்கும் ஒரு தொழிலாளிதான் அதை முதலில் உறுதி செய்கிறார். அந்த அறைக்குரிய மதிப்பை நம் பாடத்திட்டமும் தரவில்லை, நம் பேச்சும் தரவில்லை என்பதே நான் இங்கே சொல்ல விரும்பும் கருத்து.

பொடி ஏன் அடம் பிடிக்கிறது?

மருந்தையும் துணைப்பொருளையும் கலந்து நேராக எந்திரத்தில் கொட்டி அழுத்தினால் மாத்திரை ஆகிவிடாதா? நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். ஆகாது. ஏன் ஆகாது என்பதில்தான் அறிவியல் இருக்கிறது.

மாத்திரை எந்திரம் ஒவ்வொரு மாத்திரையையும் தராசில் வைத்து நிறுப்பதில்லை. 'டை' என்று தொழிலாளர்கள் சொல்லும் அச்சுக்குழிக்குள் பொடி விழுகிறது. குழி நிறைந்ததும் மேலும் கீழும் இருந்து இரண்டு 'பஞ்சு'கள் அழுத்துகின்றன. எனவே எந்திரம் அளப்பது எடையை அன்று, கொள்ளளவை. நம் ஊர்க் கடைகளில் முன்பு படியால் அரிசி அளந்ததைப் போன்றதுதான் இது. படி நிறைந்துவிட்டது என்பதற்காக எடை சரியாகிவிட்டது என்று ஆகாது. தளர்வாக விழுந்தால் எடை குறையும், இறுகி விழுந்தால் கூடும். நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கில் மாத்திரை தள்ளும் எந்திரத்தில் ஒரு குழி நிறைவதற்குக் கிடைப்பது நொடியில் ஒரு சிறு பகுதிதான். அதற்குள் பொடி தண்ணீரைப்போல் ஓடி வந்து, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி விழவேண்டும்.

நுண்ணிய பொடி அப்படி ஓடாது. துகளின் விட்டம் பத்து மடங்கு குறைந்தால் அதன் எடை ஆயிரம் மடங்கு குறைகிறது. ஆனால் துகள்கள் ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கும் விசை அவ்வளவு வேகமாகக் குறைவதில்லை. ஆகவே துகள் சிறுக்கச் சிறுக்க, கீழே இழுக்கும் எடையைவிட, பக்கத்துத் துகளோடு ஒட்டும் விசை ஓங்கிவிடுகிறது. டப்பாவைக் கவிழ்த்தாலும் முகப்பவுடர் கொட்டாமல் திட்டாக நிற்பதும், மண்ணெண்ணெய்ப் புனல் வழியாக ரவை இறங்கும்போது மைதா இறங்க மறுப்பதும் இதனால்தான்.

இன்னொரு தொல்லை பிரிவினை. அளவு வேறுபட்ட துகள்களைக் கலந்து குலுக்கினால் பெரியவை மேலேறும், சிறியவை இடுக்குகளில் நுழைந்து அடியில் தங்கும். கடையில் வாங்கிய மிக்சர்ப் பொட்டலத்தில் கடலை மேலேயும் காரத்தூள் அடியிலும் கிடப்பதைப் பார்த்திருக்கிறோம். மிக்சரில் இப்படி ஆனால் கடைசிப் பிடி காரமாக இருக்கும், அவ்வளவுதான். இரண்டாயிரத்தில் ஒரு பங்கு மருந்துள்ள கலவையில் இப்படி ஆனால் ஒரு நோயாளிக்கு மருந்தே இராது, இன்னொருவருக்கு இரட்டிப்பாகும். இருவர் கையிலும் இருக்கும் மாத்திரைகள் பார்வைக்கு ஒன்றேபோல் இருக்கும்.

இந்த இரண்டு தொல்லைகளுக்கும் மருந்துத் தொழில் கண்ட பழைய தீர்வு குருணையாக்கம். கலந்த பொடியை, ஒவ்வொரு மணியிலும் எல்லாப் பொருளும் அடங்கியிருக்கும்படி, சிறு சிறு மணிகளாகக் கட்டிவிடுவது. மணி கனமானது, ஆகவே ஓடுகிறது. மருந்து மணிக்குள் பூட்டப்பட்டிருக்கிறது, ஆகவே பிரிவதில்லை. தூசி பறப்பதும் குறைகிறது, ஆகவே வேலை செய்பவரின் நுரையீரலும் பிழைக்கிறது.

புட்டுக்கு மாவு பிசிறுவது போல

இந்தத் தொழிலின் உயிர்நாடி நம் வீட்டு அடுப்படியில் இருக்கிறது என்றால் சிலர் நம்பமாட்டார்கள். புட்டு அவிக்க அரிசி மாவில் உப்புத் தண்ணீர் தெளித்துப் பிசிறுகிறார்களே, அதுதான் ஈரக் குருணையாக்கத்தின் முதல் படி. ஒரு கைப்பிடி எடுத்துப் பிடித்தால் மாவு பிடியாக நிற்கவேண்டும், விரலால் தட்டினால் உதிரவேண்டும். பிடியாக நிற்காவிட்டால் தண்ணீர் போதாது. உதிராவிட்டால் தண்ணீர் மிகுந்துவிட்டது. என் பாட்டி இதற்குப் படிப்பு எதுவும் படிக்கவில்லை. மருந்து ஆலையில் நான் கண்ட முதல் சோதனையும் இதேதான். பெரிய கலப்பானின் மூடியைத் திறந்து ஒரு பிடி எடுத்து, அழுத்திப் பார்த்து, இரண்டாக ஒடித்துப் பார்க்கிறார்கள்.

பாராசிட்டமால் மாத்திரையைச் சான்றாக எடுத்துக்கொள்வோம். அந்தப் பொடி அழுத்தத்துக்கு எளிதில் வசப்படாது. வெறும் பொடியை அழுத்தினால் மாத்திரையின் மேல்பகுதி தொப்பி கழன்றதுபோல் தனியே கழன்று வரும். ஆகவே பாராசிட்டமாலையும் மக்காச்சோள ஸ்டார்ச்சையும் முதலில் உலர்ந்த நிலையில் கலக்கிறார்கள். பிறகு ஸ்டார்ச்சைக் கொதிநீரில் கஞ்சியாகக் காய்ச்சி, அதை ஊற்றிப் பிசைகிறார்கள். ஈரமான கட்டிகளைச் சல்லடை வழியே தேய்த்து மணியாக்குகிறார்கள். தட்டுகளில் பரப்பி, வெந்நீராவியால் சூடேறும் உலர்த்தியில் காயவைக்கிறார்கள். காய்ந்ததை மறுபடி சலித்து, இன்னும் கொஞ்சம் உலர்ந்த ஸ்டார்ச்சும், அச்சில் ஒட்டாமலிருக்க மக்னீசியம் ஸ்டீயரேட்டும் சேர்த்து எந்திரத்துக்கு அனுப்புகிறார்கள்.

இதில் ஸ்டார்ச்சின் இரட்டை வேடத்தைப் பாருங்கள். கஞ்சியாக இருக்கும்போது அது துகள்களைக் கட்டுகிறது. உலர்ந்த மாவாகச் சேரும்போது, வயிற்றில் தண்ணீரை உறிஞ்சிப் பருத்து மாத்திரையை உடைக்கிறது. கட்டவும் தெரியவேண்டும், விடவும் தெரியவேண்டும். வழியில் நொறுங்கினாலும் அது மருந்தாகாது, வயிற்றில் நொறுங்காவிட்டாலும் அது மருந்தாகாது. இந்திய மருந்து நூலின்படி மேற்பூச்சு இல்லாத சாதாரண மாத்திரை, உடற்சூட்டிலுள்ள நீரில் 15 நிமிடங்களுக்குள் உடைந்து சிதறவேண்டும். கஞ்சி அதிகமானாலோ, பிசைவது நீண்டாலோ மணிகள் கல்லாகிவிடும். அப்படிப்பட்ட மாத்திரை விழுங்கியவரின் வயிற்றைக் கடந்து, வந்த வேலையை முழுதாகச் செய்யாமலே போய்விடக்கூடும்.

எல்லா மருந்தும் ஈரத்தைத் தாங்காது. ஆஸ்பிரின் ஈரத்தில் சிதைந்து அசெட்டிக் அமிலமாகவும் சாலிசிலிக் அமிலமாகவும் பிரியும் என்பது வேதியியல் மாணவர்களுக்குத் தெரியும். பழைய ஆஸ்பிரின் புட்டியைத் திறந்தால் வினிகர் வாடை அடிப்பது அதனால்தான். இத்தகைய மருந்தை இரண்டு உருளைகளுக்கு நடுவே அழுத்தித் தகடாக்கி, பிறகு நொறுக்கி மணியாக்குகிறார்கள். அது உலர் குருணையாக்கம். பொடியைக் கீழிருந்து வரும் காற்றில் மிதக்கவிட்டு, அதன்மேல் பிணைப்பு நீரைத் தெளித்து, அங்கேயே உலரவும் வைக்கும் முறையும் உண்டு. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் டேல் வர்ஸ்டர் 1950களில் செய்த ஆராய்ச்சியிலிருந்து அது வளர்ந்தது.

ஆலையில் ஒரு மாதம்

இவையெல்லாம் புத்தகத்திலும் கிடைக்கும். புத்தகத்தில் கிடைக்காத ஒன்றைச் சொல்லவே இந்தக் கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

சென்ற கோடையில் ஒரு சிறிய மாத்திரை ஆலையில் ஒரு மாதம் உதவியாளாக இருந்தேன். ஆலையின் பெயர் வேண்டாம். அது எந்த ஆலையிலும் நடக்கக்கூடியதுதான். குருணை அறையில் பெரியவர் ஒருவர் இருந்தார். சேலத்துப் பக்கத்துக்காரர். இளமையில் ஜவ்வரிசி ஆலையில் வேலை பார்த்தவர். மரவள்ளி மாவை ஈரப்பதத்தோடு தொட்டிலில் குலுக்கி உருட்டி ஜவ்வரிசி மணியாக்குவது அங்குள்ள தொழில். அதுவும் குருணையாக்கந்தானே! "மாவு எப்போ மணியாகும்னு கண்ணுக்கு முந்திக் கைக்குத் தெரியும் தம்பி" என்பார்.

எனக்குத் தந்த வேலை எளியது. உலர்த்தியில் தட்டுகள் வைத்த நேரத்தையும் எடுத்த நேரத்தையும் வெப்பநிலையையும் பதிவேட்டில் எழுதவேண்டும். அந்தப் பாராசிட்டமால் கலவைக்குக் குறித்திருந்த நேரம் எட்டு மணி. ஒருநாள் மாலை, எந்திரம் காலியாக நிற்கிறது, மறுநாள் சரக்கு போயாகவேண்டும் என்று மேற்பார்வையாளர் வந்து நின்றார். ஐந்தரை மணி நேரமே ஆகியிருந்தது. மேல்தட்டிலிருந்து சிறிது எடுத்து ஈரம் அளக்கும் கருவியில் வைத்தார்கள். வரம்புக்குள் வந்துவிட்டது. பெரியவர் ஒன்றும் சொல்லாமல் குனிந்து கீழ்த்தட்டில் கையை விட்டார். ஒரு பிடி எடுத்து அழுத்தினார். பிடி அப்படியே நின்றது.

"சார், அடித்தட்டு இன்னும் ஈரமா இருக்குங்க. இன்னும் ரெண்டு மணி நேரம் விடலாங்க."

"கருவி சரின்னு சொல்லுதே, பெரியவரே. உங்க கை கருவியைவிடப் பெரிசா?"

தட்டுகள் வெளியே வந்தன. மேற்பார்வையாளர் என் பக்கம் திரும்பி, "எட்டு மணி நேரம்னு எழுதிடு தம்பி" என்றார். குரலில் அதட்டல் இல்லை. தேநீர் வாங்கி வரச் சொல்வதுபோல் இயல்பாகச் சொன்னார்.

நான் எழுதினேன்.

இதை மறைக்க விரும்பவில்லை. யாரும் என் கையைப் பிடித்து எழுதவைக்கவில்லை. ஒரு எண்தானே என்று தோன்றிற்று. பெரியவர் அருகில் நின்று பார்த்தார். ஒரு சொல்லும் சொல்லவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

மறுநாள் காலை அழுத்தத் தொடங்கி அரைமணி ஆவதற்குள் மருந்து பஞ்சின் முகத்தில் ஒட்டத் தொடங்கியது. மாத்திரைமேல் பதியவேண்டிய எழுத்துகள் சிதைந்து வந்தன. ஈர மணிகள் சீராக இறங்காததால் எடையும் ஏறி இறங்கியது. தரக் கட்டுப்பாட்டு அலுவலர் எந்திரத்தை நிறுத்தச் சொன்னார். அவர் ஓர் அம்மையார், அதிகம் பேசாதவர். பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து, "எட்டு மணி நேரம் காய்ஞ்ச குருணை இப்படி ஒட்டுமா?" என்று கேட்டார். யாரையும் குறிப்பிட்டுக் கேட்கவில்லை. ஆனால் கையெழுத்து என்னுடையது.

உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. நான் எழுதிய எண்ணின் குறுக்கே, அது படிக்கத் தெரியும்படி ஒரே கோடு போடச் சொன்னார். பக்கத்தில் உண்மையான நேரத்தை எழுதச் சொன்னார். காரணத்தையும் எழுதி, தேதியிட்டுக் கையொப்பமிடச் சொன்னார். "அழிக்கக் கூடாது. தப்பும் தெரியணும், திருத்தினதும் தெரியணும்" என்றார். அழுத்திய மாத்திரைகள் ஒதுக்கப்பட்டன. மேற்பார்வையாளர் மிச்சப்படுத்த நினைத்தது இரண்டரை மணி நேரம், இழந்தது இரண்டு நாள்.

அந்தச் சரக்கு யாருடைய வீட்டுக்கும் போகவில்லை. அந்த மட்டில் நிம்மதி. ஆனால் அன்றிரவு எனக்கு ஒரு நினைவு வந்தது. அன்று மருந்து ஒட்டியதால் தெரிந்துவிட்டது. ஒட்டாமல் இருந்திருந்தால்? என் தாயாரின் மாத்திரை எந்த ஆலையில், எந்தத் தட்டில், எந்தப் பையன் எழுதிய எண்ணை நம்பி வெளியே வந்தது?

வரலாறு சொல்லும் சான்றுகள்

"துணைப்பொருளிலும் செய்முறையிலும் என்ன பெரிய வேறுபாடு வந்துவிடும்? மருந்து மருந்துதானே?" என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். அவர்களுக்கு இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்வேன்.

1968-இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில், காக்காய் வலிப்புக்காகப் பினைட்டாயின் உட்கொண்டுவந்த நோயாளிகள் பலர் திடீரென்று நச்சுக்குறிகளுக்கு ஆளானார்கள். மருந்தின் அளவை யாரும் கூட்டவில்லை. கேப்சூலில் நிரப்பும் துணைப்பொருளை மட்டும் கால்சியம் சல்பேட்டிலிருந்து லாக்டோசுக்கு மாற்றியிருந்தார்கள். அந்த மாற்றத்தால் மருந்து முன்னைவிட மிகுதியாக இரத்தத்தில் ஏறிவிட்டது. துணைப்பொருள் வெறும் நிரப்பி அன்று என்பதை உலகம் அன்று கற்றுக்கொண்டது.

1971-இல் நியூயார்க்கில் லிண்டன்பாமும் அவர் குழுவினரும், இதய நோய்க்குத் தரும் டிஜாக்சின் மாத்திரைகளை ஆராய்ந்தார்கள். நான்கு தயாரிப்புகள், எல்லாவற்றிலும் எழுதியிருந்த அளவு ஒன்றே. ஆனால் உட்கொண்டவரின் இரத்தத்தில் ஏறிய மருந்தின் உச்ச அளவு ஏழு மடங்கு வரை வேறுபட்டது. டிஜாக்சினில் பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் உள்ள இடைவெளி மிகக் குறுகியது. துகளின் அளவும் மாத்திரை கரையும் வேகமும் எவ்வளவு முக்கியம் என்பதைப் பிந்திய ஆய்வுகள் காட்டின. சீட்டில் எழுதிய மில்லிகிராம் ஒரு வாக்குறுதி மட்டுமே. அந்த வாக்குறுதியைக் காப்பாற்றுவது செய்முறை.

இன்னொரு செய்தி நம் கல்லூரியின் கலைப்பிரிவு நண்பர்களுக்காக. பொடியை அச்சிலிட்டு அழுத்தி மாத்திரையாக்கும் எந்திரத்துக்கு 1843-இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற வில்லியம் புரோக்கிடன், தொழிலால் ஓர் ஓவியர்! பென்சிலுக்கான காரீயப் பொடியை அழுத்திக் கட்டியாக்க அவர் முயன்றார். அதே காப்புரிமையில் மருந்துப் பொடியும் இடம்பெற்றது. கலையும் அறிவியலும் எதிரெதிர்க் கட்டடங்களில் இருப்பதாக நாம் நினைப்பதற்கு இவர் நல்ல மறுப்பு.

எதிர்வாதங்களுக்கு விடை

முதல் எதிர்வாதம்: குருணையாக்கம் பழைய முறை, இப்போது பொடியை நேரடியாகவே அழுத்தும் வழி வந்துவிட்டது என்பது. உண்மைதான். நுண்படிகச் செல்லுலோஸ் போன்ற நல்ல துணைப்பொருள்கள் வந்தபின் பல மருந்துகளை நேரடியாக அழுத்துகிறார்கள். ஆனால் பாராசிட்டமால், மெட்பார்மின் போன்றவற்றில் மாத்திரையின் பெரும்பகுதி மருந்தேதான். துணைப்பொருளின் நற்குணத்தை நம்பியிருக்க அங்கே இடமில்லை. நேரடியாக அழுத்தத்தக்க பாராசிட்டமால் என்று விற்பதும் பெரும்பாலும் முன்கூட்டியே குருணையாக்கி வைத்ததுதான். வேலை ஓர் ஆலையிலிருந்து இன்னோர் ஆலைக்கு இடம் மாறியதே தவிர மறைந்துவிடவில்லை.

இரண்டாம் எதிர்வாதம்: கடைசியில் சோதனைதான் இருக்கிறதே என்பது. சோதனை வேண்டும், அதில் ஐயமில்லை. ஆனால் அதன் எல்லையையும் அறியவேண்டும். எடைச் சீர்மைக்கு எடுப்பது 20 மாத்திரைகள். உடையும் நேரத்துக்கு எடுப்பது 6. ஒரு கலவையிலிருந்து இலட்சக்கணக்கில் மாத்திரைகள் வெளிவரும்போது இந்த 26 எல்லாவற்றுக்கும் பேசிவிட முடியுமா? மேல்தட்டிலிருந்து எடுத்த மாதிரி அடித்தட்டின் ஈரத்தைச் சொல்லவில்லை என்பதை என் கண்ணால் கண்டேன். தரத்தைச் சோதனையால் கண்டுபிடிக்கலாம், உண்டாக்க முடியாது. உண்டாக்குவது பிசைகிற கையும், காய்கிற நேரமும், எழுதுகிற எண்ணும்.

மூன்றாவது, விலை பற்றியது. இது நம்மைப் போன்றோரை நேரடியாகத் தொடுவது. நம்மில் பெரும்பாலோர் வீட்டில் காய்ச்சல் என்றால் அரசு மருத்துவமனைக்குத்தான் போகிறோம். 1994-இல் அமைந்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்தை மொத்தமாக வாங்கி, மாதிரிகளை ஆய்வகங்களில் சோதித்து மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறது. இதனால் ஏழைக்கு மருந்து எட்டியது. இந்த ஏற்பாட்டை நான் பெருமையோடு நினைக்கிறேன். மலிவான மருந்து மட்டமான மருந்து என்று சொல்பவரோடு எனக்கு உடன்பாடு இல்லை. நன்றாகக் காய்ந்த குருணைக்கும் நனைந்த குருணைக்கும் இடையே உள்ள விலை வேறுபாடு இரண்டரை மணி நேர நீராவிதான். மலிவு குற்றம் அன்று, அவசரமே குற்றம். 2023-ஆம் ஆண்டு இறுதியில் திருத்தி வெளியிடப்பட்ட, மருந்து விதிகளின் எம் அட்டவணையும் ஆலைகள் ஒவ்வொரு படியையும் முறையாகச் செய்து முறையாகப் பதிவு செய்யவேண்டும் என்றே வற்புறுத்துகிறது. ஆனால் சட்டம் பதிவேட்டைத்தான் கேட்க முடியும். அதில் உண்மையை எழுதுவது மனிதன்.

நாம் செய்யவேண்டியது

நம் பாடத்தில் வாயுக்களின் விதிகள் உண்டு, கரைசல்களின் இயல்பு உண்டு, படிகங்களின் அமைப்பு உண்டு. பொடி இல்லை. சிமெண்டு, உரம், சலவைத்தூள், மருந்து என்று நாம் நாளை வேலைக்குப் போகப்போகிற ஆலைகள் பலவற்றில் கையாளுவது பொடியைத்தான். வாயுவும் அன்று, திரவமும் அன்று, முழுத் திடமும் அன்று என்று மூன்றுக்கும் நடுவே நிற்கும் இந்தப் பொருளுக்கு நம் மூன்றாண்டுப் படிப்பில் மூன்று மணி நேரம்கூட இல்லையே!

இதற்குப் பெரிய செலவு வேண்டும் என்று சொல்லமுடியாது. விடுமுறை முடிந்து வந்ததும் நானும் இரண்டு நண்பர்களும் ஆய்வகத்தில் ஓர் அளவு உருளையை எடுத்துக்கொண்டோம். அதில் 100 மில்லிலிட்டர் குறிவரை அரிசி மாவு நிரப்பி, மேசையில் மெல்லத் தட்டிக்கொண்டே இருந்தோம். அது 70 வரை இறங்கிற்று. ரவையைப் போட்டுத் தட்டினோம். 90-க்குக் கீழே இறங்கவில்லை. தட்டும்போது நூற்றுக்கு எவ்வளவு இறங்குகிறது என்பதே அமுங்கு எண். 15 வரை இருந்தால் நன்றாக ஓடும். 25-ஐத் தாண்டினால் ஓடாது என்று மருந்தியல் நூல்கள் சொல்கின்றன. பிறகு அந்த மாவிலேயே ஸ்டார்ச் கஞ்சி ஊற்றிப் பிசிறி, தேநீர் வடிகட்டி வழியே தேய்த்து, உலர்த்திப் பார்த்தோம். ஓடாத மாவு ஓடிற்று! நண்பன் ஒருவன் குழந்தைபோல் அதைப் புனல் வழியே திரும்பத் திரும்பக் கொட்டிப் பார்த்தான். அன்று நாங்கள் கற்றது தேர்வுக்கு உதவாது. ஆனால் மறக்காது.

ஆசிரியப் பெருமக்களுக்கு என் பணிவான வேண்டுகோள் இரண்டு. ஒன்று, துறை மன்றத்தின் வழியாகவேனும் இத்தகைய எளிய சோதனைகளுக்கு ஆண்டுக்கு இரண்டு பிற்பகல்கள் ஒதுக்குங்கள். மற்றொன்று, மருந்து ஆலைகளிலிருந்து சொற்பொழிவாளரை அழைக்கும்போது மேலாளரை மட்டும் அழைக்காதீர்கள். குருணை அறையில் முப்பது ஆண்டு நின்ற ஒருவரையும் மேடைக்கு அழையுங்கள். அவருக்குச் சூத்திரம் சொல்லத் தெரியாமல் இருக்கலாம். அவர் கை அறிந்ததற்குச் சூத்திரம் கண்டு சொல்வது நம் கடமை. கை அறிவைக் கருவி இகழ்ந்தாலும் தவறு, கருவியைக் கை இகழ்ந்தாலும் தவறு. அன்று மேல்தட்டில் கருவி இருந்தது, கீழ்த்தட்டில் கை இருந்தது. இரண்டும் ஒரே தட்டில் இருந்திருந்தால் அந்தச் சரக்கு கெட்டிருக்காது.

மாணவ நண்பர்களுக்கு ஒரு சொல். நாளை நீங்களும் ஏதாவது ஓர் ஆலையில், அலுவலகத்தில், ஆய்வகத்தில் பேனாவோடு நிற்பீர்கள். யாராவது ஒருவர் அதட்டாமல், மிகவும் இயல்பாக, "இப்படி எழுதிடு தம்பி" என்பார். அப்போது அது சிறிய எண்ணாகத்தான் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றிற்று.

ஆலையை விட்டு வரும் நாளில் பெரியவரிடம் விடைபெறப் போனேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்துப் போனவன், வார்த்தை வராமல் நின்றேன். அவர் கலப்பானைத் திறந்து, புதிதாகப் பிசைந்த கலவையில் ஒரு பிடி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "அழுத்திப் பாரு தம்பி. சரியா இருக்கா?" என்று கேட்டார். அழுத்தினேன். பிடி நின்றது. விரலால் தட்டினேன், உதிர்ந்தது. "சரியா இருக்குங்க ஐயா" என்றேன். "அப்போ எழுதிக்கோ" என்றார்.

இப்போதும் ஒவ்வொரு காலையும் என் தாயார் அந்தச் சிறு மாத்திரையை வாயில் போட்டு ஒரு மிடறு தண்ணீர் குடிக்கிறார். அதன் பின்னால் எத்தனை கைகள், எத்தனை தட்டுகள், எத்தனை எண்கள் என்று அவருக்குத் தெரியாது. தெரியவேண்டியதும் இல்லை. அவர் நம்புகிறார். அந்த நம்பிக்கைக்கு உரியவர்களாக இருக்கவேண்டியது நாம். மாத்திரை என்றால் அளவு என்று தமிழாசிரியர் சொன்னதை இன்று நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன்: அளப்பது எந்திரத்தின் வேலை, அளவு தப்பாமல் காப்பது மனிதனின் கடமை.